சுவரில் போட்ட கோடு

மோட்டார் சைக்கிள் வயரிங் வேலையில் முதலில் பிடிபடுவது கரண்ட் அல்ல, சந்தேகம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் கடை வைத்திருக்கிறேன். விளம்பரப் பலகைகூடக் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதுதான் என் பிழைப்பு, அதனால் பெயர் கெட்டால் கடை மூடவேண்டியதுதான். ஹெட்லைட்டில் பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பூட்டும் மோகம் வந்ததிலிருந்து அந்தப் பெயருக்குத்தான் ஆபத்து. இதே தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

நகப்பூச்சு

அலவத்துகொடயிலிருந்து பாரூக் நானா வந்தார். பைக்கில் மிளகு, கராம்பு மூட்டை ஏற்றித் திரியும் வியாபாரி. பைக்கை என்னிடம் விடுமுன், மனைவியின் நகப்பூச்சுப் புட்டியை எடுத்து பேட்டரி, ஹோர்ன், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு வைத்தார். கராஜ்காரர்கள் நல்ல சாமானை மாற்றிவிடுவார்களாம். நான் லைட்டைப் பூட்டி, உயரத்தைச் சரிசெய்து முடித்ததும் அதை இறுக்கும் ஆணியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. “என்ன நானா, என்னை நம்பலையா?” என்றேன். அவர் புட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: “நம்புறேன் தம்பி. பொட்டு வெச்சா இன்னும் கொஞ்சம் நல்லா நம்பலாம்.”

எதிரே வருகிறவர்கள்

மாநகர சபையில் கிளார்க் வேலை பார்க்கும் செல்வராஜ் சார், எல்.ஈ.டி. பூட்டிய மறுவாரமே திரும்பி வந்தார். எதிரே வருகிறவன் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறானாம். ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினாராம்.

நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். பக்கத்துக் கராஜில் கொடுத்து நோண்டியிருப்பார், இப்போது பழியை என் தலையில் போடுகிறார் என்று நினைத்தேன். கடைக்கு எதிரே ஒரு சுவர் இருக்கிறது. ஹெட்லைட் உயரத்துக்கு அதில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மேசன் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, பைக் நிற்கும் இடத்திலிருந்து டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துப் போட்ட கோடு. வழக்கமான இடத்தில் பைக்கை நிறுத்தி லைட்டைப் போட்டேன். வெளிச்சம் கோட்டில் அப்படியே உட்கார்ந்தது. “பாருங்க சார், மயிரிழைகூடத் தப்பல” என்றேன்.

சார் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ரோட்டுல வர்ற அத்தனை பேருக்கும் கண்ணுல ஏதும் நோய் வருத்தமா, பாஸ்?”

உடையாத பொட்டு

இரண்டு நாளில் பாரூக் நானாவும் அதே குறையோடு வந்து நின்றார். பொலிஸ் மறித்து எச்சரித்து அனுப்பியதாம். இருவரும் பேசிவைத்துக்கொண்டு என் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது, அவர்களுக்குள் அறிமுகமே இல்லை என்று தெரிந்தும். “வேறு யாரோ கை வச்சிருக்காங்க நானா” என்றேன்.

அவர் என் கழுத்தைப் பிடிக்காத குறையாக ஹெட்லைட் பக்கம் குனியவைத்தார். ஆணியில் சிவப்புப் பொட்டு கீறல்கூட இல்லாமல் இருந்தது. “பொட்டு ஒடயல்ல தம்பி. ஒங்கட கையத் தவிர வேற கை படல்ல.”

வளைவில்

அன்று மாலை கலகெதர வீதியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழைத் தூறல், லேசான இருட்டு. வளைவில் எதிரே ஒரு வெள்ளை வெளிச்சம் நேராக என் கண்ணில் பாய்ந்தது. ரோடும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை. ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் பைக்கோடு போய் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. பின்னால் லொறி ஏதும் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பயத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

எதிரே பைக்கில் வந்தவர் நிறுத்தி, ஓடிவந்து கை கொடுத்தார். செல்வராஜ் சார்! கலகெதரவில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர். என்னைத் தூக்கி உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “இப்ப சொல்லுங்க பாஸ், யாருக்குக் கண்ணுல வருத்தம்?”

உருண்ட நட்டு

மறுநாள் கட்டுப்போட்ட காலோடு கடை திறந்தேன். பாரூக் நானா ஏற்கெனவே வாசலில் காத்திருந்தார். அவருடைய ஹெட்லைட்டைக் கழற்றும்போது கையிலிருந்து ஒரு நட்டு விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. உருண்டு உருண்டு எதிர்ச்சுவரில் போய் முட்டியது.

இருவரும் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடை வாசலிலிருந்து சுவர்வரை தரை இறக்கம். நிறுத்தும் பைக்கும் மூக்கைத் தாழ்த்தித்தான் நிற்கும். அதன் வெளிச்சம் மட்டக் கோட்டைத் தொடவேண்டும் என்று ஒவ்வொரு லைட்டையும் நான் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். சமதரைக்குப் போனதும் வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகிறது. மங்கலான மஞ்சள் பல்பு இருந்தவரை இந்தப் பிழை வெளியே தெரியவில்லை. எத்தனை பேரை இப்படி ரோட்டில் அனுப்பினேன் என்று நினைத்தபோது முழங்கால் வலி மறந்தே போனது. வெட்கமாக இருந்தது.

நானா நட்டைப் பொறுக்கி வந்து என் உள்ளங்கையில் வைத்தார். “கோடு நேராத்தான் ஈக்குது தம்பி. ஒங்கட வாசல்தான் சரிவு.”

கோட்டை அழித்துவிட்டு, என்னிடம் லைட் பூட்டிய எல்லோரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் வாருங்கள் என்கிறேன், அத்தனை பேரும் கேட்கிற முதல் கேள்வி, “இலவசமாவா, ஏன் பாஸ்?” என்பதுதான்.