டப்பாவில் மாற்றி வைத்த இலை

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆடைத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் சல்லடை. போன மழைக்காலத்தில் அவளை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோதும், கூட வேலை பார்த்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள்.

தைத்து முடித்த சட்டைகளை விளக்கின் கீழ் விரித்துக் குறை தேடுவது அவள் வேலை. தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர்கள் அவள் மேசைப் பக்கம் திரும்பவே அஞ்சுவார்கள். ஆனால் கடைசி நேரத்தில், பெட்டி கட்டும்போது குறை தெரிந்தால் மட்டும் அவள் வாய் திறக்க மாட்டாள். மேசைக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் நல்ல சட்டை ஒன்றை எடுத்துச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவாள். "கத்தினா வேலை நிக்கும், மாத்தினா வண்டி போகும்" என்பாள். அந்தப் பழக்கத்தை அவள் தொழிற்சாலை வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கதிர் சிகிச்சையும் முடிந்திருந்தது. நோய் திரும்பாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை. ஐந்து வருடம் விடாமல் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாத்திரை தொடங்கியதிலிருந்து அக்காவுக்கு மூட்டெல்லாம் வலி. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "முழங்காலுக்குள்ள யாரோ மணலைக் கொட்டி வச்சிருக்காங்க" என்பாள். சல்லடை "சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறிப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் மாடிவீட்டுக்காரி ஒரு மூலிகை டீப் பொட்டலத்தோடு வந்தாள். அவளே வாங்கி விற்பவள்.

"இதைக் குடிக்கிறவங்களுக்கு மார்புல கட்டி வராதாம். வந்து போனதும் திரும்ப வராதாம். ஆராய்ச்சியே இருக்கு."

"யாரு ஆராய்ஞ்சது?" என்றாள் சல்லடை.

"பெரிய பெரிய ஆளுங்க."

"அந்தப் பெரிய ஆளுங்களுக்குப் பேர் வைக்க மறந்துட்டாங்களா?"

"வந்தவங்களை நிக்க வச்சு விசாரிக்காதடி" என்றாள் அக்கா. "நீங்க உக்காருங்க. இவ கோயிலுக்குப் போனாலும் சாமி நேராத்தான் நிக்குதான்னு பாப்பா."

அக்கா பொட்டலத்தை வாங்கி டப்பாவில் கொட்டிக்கொண்டாள். அவள் தூங்கியதும் சல்லடை அதில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினாள். இலை, காம்பு, காய்ந்த பூ, நடுவே கறுத்த வேர்த்துண்டு. பொட்டலத்தின் மேல் 'அரிய மூலிகைகள்' என்று மட்டும் போட்டிருந்தது. எந்த மூலிகை என்று இல்லை. பேரைச் சொல்ல வெட்கப்படும் சரக்கு நல்ல சரக்காக இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. வேரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா அதை மோந்து பார்க்கக்கூட இல்லை. "டீ குடிக்கிறவங்களுக்கு இந்த நோய் குறைவா வருதுன்னு சில ஆய்வு சொல்லுது. அது டீயாலயா, அவங்க நல்லா நடந்து நல்லா சாப்பிட்டதாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியல. சாதாரண டீன்னா தாராளமா குடிக்கட்டும். பேரில்லாத வேருன்னா எனக்குப் பயம். சில செடி உடம்புல ஹார்மோன் மாதிரி நடந்துக்கலாம், மாத்திரையோட மல்லுக்கு நிக்கலாம். அக்காவைக் கூட்டிட்டு வாங்க, நானே பேசறேன்."

சல்லடை கூட்டிக்கொண்டு போகவில்லை. அக்காவிடம் சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் அக்கா வீம்புக்கே இரண்டு தம்ளர் குடிப்பாள். மாற்றினால் வண்டி போகும். புதினாவையும் எலுமிச்சைத் தோலையும் நிழலில் உலர்த்தி, கசப்புக்குக் கொஞ்சம் சாதாரணத் தேயிலை கலந்து டப்பாவில் நிரப்பினாள். பழையது குப்பைக்குப் போயிற்று. அக்கா எப்போது புதுப் பொட்டலம் வாங்கினாலும் அதற்கும் இதே கதிதான்.

அதன்பின் நடந்ததுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சில வாரங்களில் அக்கா கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறினாள். தரையில் உட்கார்ந்து எழுந்தாள். ஒருநாள் பரணில் ஏறி ஒட்டடை அடித்தாள்.

"பாத்தியா? எல்லாம் அந்த டீதான். உன் கண்ணு படாம இருந்தா இன்னும் நல்லா கேக்கும்."

சல்லடை தம்ளரை வாங்கி மோந்தாள். இவள் வைத்த புதினாதான். புதினாவுக்கு ஏது இத்தனை வல்லமை? மாடிவீட்டுக்காரி தனியாக ஏதாவது கொடுக்கிறாளோ? தலையணைக்கடியில் தேடினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். மாடிவீட்டில் கதவு திறக்கும்போதெல்லாம் காது கொடுத்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

தனக்குத் தலைவலி என்று மருந்துக்கடைக்குப் போன அன்று கடைக்காரரே கேட்டார். "அக்காவுக்கு டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டாங்களாம்மா? ரொம்ப நாளா வாங்க வரலையே."

சல்லடை தலைவலி மாத்திரையைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாத்திரை போடறியா?"

அக்கா நிமிரவில்லை. "ஒரு வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு? அதான் டீ குடிக்கிறேனே. வலி போனதை நீயே பாக்கறியே."

"வலி போனது டீயால இல்லக்கா. மாத்திரையை நிறுத்தினதால."

"உனக்கெப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?"

அந்த டீயில் ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது, அது சல்லடையே. மாற்றியதைச் சொன்னால் அக்கா இனி இவள் கையால் பச்சைத்தண்ணீர்கூட வாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் மாத்திரை திரும்ப வராது.

"நீ குடிச்சது அந்த டீயே இல்ல" என்றாள். "நான் மாத்திட்டேன். வெறும் புதினா."

கீரைக்காம்பு அக்காவின் கையிலேயே நின்றது. "எப்பலருந்து?"

"முதல் பொட்டலத்துலருந்து."

"டேஸ்ட் நல்லாருக்குன்னு அவகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தேனேடி." அக்கா சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டாள். "ஊர்ல உள்ளவளையெல்லாம் சந்தேகப்பட்டே. கலப்படம் நம்ம வீட்டுக்குள்ளயே நடந்திருக்கு. முட்டி வலிக்குதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு தடவை நின்னு கேட்டிருந்தா, மாத்திரையை விட்டதையும் உன்கிட்டதான் சொல்லியிருப்பேன்."

அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை. காலையில் அக்கா தானே செருப்பை மாட்டிக்கொண்டாள். "நீ வராதே" என்றாள். டாக்டரம்மா திட்டவில்லையாம். மூட்டுவலிக்கு முதலிலேயே வந்திருந்தால் அப்போதே மாத்திரையை மாற்றியிருப்பேன் என்றாராம். ரத்தப் பரிசோதனைக்கும் மார்புப் படத்துக்கும் எழுதிக் கொடுத்து, வேறு மாத்திரையும் கொடுத்திருந்தார். விட்ட மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

புது மாத்திரையின் முதல் நாள், அக்கா தனக்கான தண்ணீரைத் தானே பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சல்லடை அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கதவு திறந்தது. அக்கா நேராக அவள் முன்னால் வந்து நின்று, சின்னப் பிள்ளை போல நாக்கை நீட்டினாள்.

"பாத்துக்கோ, இன்ஸ்பெக்டரம்மா."

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பியிருப்பார்கள். சல்லடை கைத்துணியைக் கீழே வைத்தாள். அக்காவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"நாக்கைத் தூக்கு" என்றாள்.

அக்கா தூக்கினாள்.