ரிலேவுக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர்

கல்யாணமான புதிதில் என் கணவருடைய கச்சேரிகளை நான் மேடையின் பின்பக்கமிருந்துதான் கேட்டேன். பகலில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். முகூர்த்த நாட்களில் திருச்செங்கோட்டு மெல்லிசைக் குழு ஒன்றில் கித்தார் வாசிப்பார். சேலத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர் செய்துகொடுத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் அவரிடம் இருந்தது. அதில் இரண்டு சேனல்கள். ஒன்றில் கித்தார் தெளிவாகக் கேட்கும். மற்றதில் வேண்டுமென்றே கரகரப்பாக, தொண்டை கட்டியவன் உரக்கப் பாடுவதுபோல வரும். பாட்டின் நடுவில் சேனல் மாற்ற, பெட்டியிலிருக்கும் சுவிட்சைத் திருப்ப வேண்டும். அவருடைய இரண்டு கைகளும் கித்தாரில் இருக்கும். அதனால் நான் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பார். நான் திருப்புவேன்.

அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஊர் ஊராகப் போகலாம் என்பது ஒன்று. அந்தக் கணத்தில் பாட்டு என் விரலில் இருக்கிறது என்கிற கர்வமும் ஒன்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் உண்டானேன். ஆறாம் மாதத்தில் ஸ்டூலில் உட்கார இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

“அந்தக் கரகர சத்தமே வேண்டாம் புள்ள. ஒரே சேனல்ல ஓட்டிக்கறேன்” என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன், சேலத்தில் என் பிறந்த வீடு இருந்த அம்மாபேட்டையிலிருந்து வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். எங்கள் தெருவே பட்டு நூல் சுற்றிக்கொண்டிருக்க, நான் செம்புக்கம்பி சுற்றினேன். ஸ்டெபிலைசருக்குள் ரிலே இருக்கும். சின்னக் கம்பிச் சுருள்தான். கரண்டு போனால் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும், சுவிட்சு மாறும். அதை ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்துவிட்டால், தரையிலிருக்கும் சுவிட்சை அவர் காலால் மிதித்தால் போதும்.

“இருக்கற சுவிட்சையே நீளமா ஒயர் போட்டுக் கால்கிட்ட வெச்சா ஆகாதா?” என்று கேட்டார்.

“கித்தார் சத்தம் அத்தன தூரம் ஒயர்ல போய்ட்டு வந்தா, வழியில இருக்கற இரைச்சலையெல்லாம் வாரிக்கிட்டு வருமுங்க. ரிலேன்னா சத்தம் பெட்டிக்குள்ளயே இருக்கும். கால்கிட்ட வாரது வெறும் சுவிட்சு ஒயருதான்.”

ரிலேவுக்குப் பன்னிரண்டு வோல்ட் டி.சி. வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? வால்வுகளைச் சூடாக்க உள்ளேயே ஆறு வோல்ட் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டயோடும் இரண்டு கண்டென்சரும் போட்டு அதை டி.சி.யாக மாற்றி, இரட்டிப்பாக்கி ரிலேவுக்குக் கொடுத்தேன். வீட்டில் சோதித்தபோது அவர் மிதித்தார், டிக் என்றது, சேனல் மாறியது. சின்னப் பையனைப்போல மிதித்துக்கொண்டே இருந்தார். நானும் சிரித்தேன். ஆனால் இனி மேடையில் எனக்கு வேலை இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. முதன்முறையாக நான் முன்னால், பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம். தோட்டங்களிலெல்லாம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் சீரியல் பல்புகள் மங்கலாக எரிந்தன. மூன்றாவது பாட்டில் அவர் சுவிட்சை மிதித்தார். ரிலே இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. ஸ்பீக்கரிலிருந்து டர்ர்ர் என்று ஒரு சத்தம். பாடிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். அவர் பழக்கத்தில் பெட்டியின் பின்பக்கம் திரும்பித் தலையசைத்தார். அங்கே யாரும் இல்லை.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். “பாத்துப் போ சாமி” என்று பக்கத்திலிருந்த அம்மாள் நாற்காலியை நகர்த்தினார். மேடையேறிக் கால் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினேன். கரண்டு இல்லாவிட்டால் ரிலே தெளிவான சேனலில்தான் நிற்கும். இரைச்சல் அடங்கியது. மீதிக் கச்சேரியை அவர் அந்த ஒரே சேனலில் வாசித்து முடித்தார்.

திரும்பும்போது வேனில் அவர், “நல்லாத்தான செஞ்ச, என்னாச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுனதுல வோல்டேஜ் இறங்கிப்போச்சுங்க. வால்வு எப்படியோ தாக்குப் புடிச்சுக்குது. அதுகிட்டயே கடன் வாங்குன ரிலேவுக்குப் பத்தல.”

ஸ்டெபிலைசர் பட்டறையில் இருந்தவளுக்கே ஊர் கரண்டு மறந்துபோனதை நினைத்து எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வளைகாப்புக்கு அம்மாபேட்டை போனபோது பழைய பட்டறைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து ரிலேவுக்கென்றே கையகல டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுற்றினேன். வோல்டேஜ் இறங்கினாலும் பன்னிரண்டுக்குக் குறையாதபடி கூடுதலாகச் சில சுற்றுகள். ஏறினால் தாண்டாதபடி மூன்று கால்களுள்ள ரெகுலேட்டர் ஐ.சி. ஒன்று. பட்டறையில் வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அதே லைனில் மாட்டியிருந்த பல்பின் இழை சிவந்து மங்கிய பிறகும் ரிலே விடாமல் பிடித்திருந்தது.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கச்சேரி திருச்செங்கோட்டிலேயே ஒரு மண்டபத்தில். ரிலே ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. கரகரப்பான சேனலுக்கு அவர் மாறியதும் பாடகியின் குரல் காணாமல் போயிற்று. உதடு மட்டும் அசைந்தது. பக்கத்திலிருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சத்தம் அது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இத்தன நாளா நல்லாருக்குதுன்னுதான சொன்ன?”

“இத்தன நாளா நான் ஸ்பீக்கருக்குப் பின்னாடில்ல இருந்தேன்?”

மறுநாள் காலை தானாகவே பெட்டியைத் திறந்து, அந்தச் சேனலின் குமிழைக் குறைத்து, இதற்கு மேல் திருப்பக் கூடாது என்று சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகு வாசித்ததில்தான் அவருடைய வாசிப்பை நான் முழுசாகக் கேட்டதாக நினைக்கிறேன். மேடையில் இல்லாதது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். சில சாயங்காலங்களில் தோன்றியது.

குழந்தை பிறந்து சில மாதங்களில், ராசிபுரத்துக் குழு ஒன்றின் கித்தார்க்காரர் அதேபோலக் கால் சுவிட்சு வேண்டுமென்று தன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்தார்.

“உள்ளதான் ஆறு வோல்ட் இருக்குதே, எதுக்குங்க தனி டிரான்ஸ்பார்மர்?” என்று கேட்டார்.

“உங்க ஊர்ல சாயங்காலம் பல்பு எப்படி எரியுதுங்க?”

அவர் சிரித்துவிட்டார். “செகப்பா, மின்மினியாட்டங்க.”

“அப்ப டிரான்ஸ்பார்மரோடயே செஞ்சுருவோம்” என்றேன். குழந்தையை வந்தவரிடம் கொடுத்துவிட்டு, அளவெடுக்க ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையைக் கழற்றினேன்.