நான் எழுதிய எடை

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தேன். படிப்பு ஐந்தாவது. எண் மட்டும் தப்பில்லாமல் எழுதுவேன். அதனால் எடை நோட்டு என்னிடம் வந்தது.

எழுபதுகளின் நடுவில் வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு சர்ஜன் வந்து சேர்ந்தார். மாணவர்களுக்குப் பாடமும் எடுப்பார். உடம்பு பெருத்து நடக்கவே முடியாதவர்களுக்கு ஒரு ஆபரேஷன் செய்தார். சாப்பாடு போகிற வழியிலிருந்து குடலின் பெரும்பகுதியை விலக்கிவிடுவார். தின்றது ஒட்டாது. ஆள் இளைத்துவிடுவார். அப்படிச் செய்துகொண்டவர்கள் ஏழு பேர்.

ஆபரேஷனோடு அவர் விடுகிற ஆள் இல்லை. இங்கிலீஷ் மாதத்தின் முதல் செவ்வாய் ஏழு பேரும் வர வேண்டும். வராதவர்களுக்குக் கார்டு போடுவார். காலை எட்டு மணி, வெறும் வயிறு, செருப்பு கூடாது, ஒரே தராசு. "அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் நான் பண்ணது சரியா தப்பான்னு தெரியும்" என்பார்.

தராசு, அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிற வகை. சாதாரணத் தராசு அவர்களைத் தாங்கவில்லை. அதில் ஏற எல்லோரும் கூசினார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்காரர் ஒருவர் மட்டும், "சீட்டு ஒட்டிடுங்க ஆயா, கூட்ஸ்ல ஏத்திடலாம்" என்று சிரித்தார். நான் தட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்தேன். பிறகு ஏறினார்கள்.

ஏழு பேரில் ஒருவர் ஸ்ரீரங்கத்து டீச்சர். முப்பது வயது. கோயில் வீதியில் அண்ணன் வீட்டில் இருந்தார். முன்பெல்லாம் பஸ்ஸில் கண்டக்டர், "ரெண்டு டிக்கெட் எடுத்துட்டு உக்காருங்க" என்பாராம். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்தில் பாதி ஆளானார். தனியாக பஸ் ஏறி வந்தார். ஆனால் இளைப்பது நிற்கவில்லை. ஓயாத வயிற்றுப்போக்கு. முடி கொட்டியது. புரட்டாசியில் டாக்டர் சொன்னார்: "இதுக்கு மேல குறைஞ்சா ஈரல் தாங்காதும்மா. குடலைப் பழையபடி சேத்து வச்சிடுவேன்." டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஐப்பசியில் வந்து ஏறி நின்றார். எடை குறையவில்லை. டாக்டருக்குச் சந்தோஷம். மாணவர்களைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். எல்லோரும் போன பிறகு துணியை உதறினேன். மணல் உதிர்ந்தது. ஐப்பசி முழுக்க ஸ்ரீரங்கத்தில் விடிகாலையில் காவிரிக் குளியல். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரிதான், ஆனாலும் ஊர் வழக்கம் தெரியும். டீச்சர் குளித்துவிட்டு நேரே வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். துணியை மடித்து வைத்தேன்.

கார்த்திகையிலும் அதே எடை. இறங்கக் கை கொடுத்தேன். பிடித்த கை சுள்ளி மாதிரி இருந்தது. வளையல் முழங்கைக்கு ஓடியது. துணியைப் பார்த்தேன். மணல். ஐப்பசிக் குளியல் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. பாதத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"என்ன கட்டியிருக்கீங்க டீச்சரம்மா?"

"ஒண்ணுமில்லை ஆயா."

"நான் அவுக்கட்டுமா, நீங்களே அவுக்கிறீங்களா?"

அவரே அவிழ்த்தார். இடுப்பைச் சுற்றிக் காடாத்துணிப் பை. நீளமாகத் தைத்து உள்ளே ஆற்று மணல். ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. கையில் வாங்கினேன். கனத்தது.

"சயின்ஸ் டீச்சர்தானே நீங்க?"

"அதனாலதான் எவ்வளவு போடணும்னு தெரிஞ்சுது" என்றார். சிரிக்கவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கோ. மார்கழி வரைக்கும் பொறுங்கோ. பொறந்ததுலேர்ந்து அந்த வீதியில இருக்கேன். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் வழியா ஒரு தடவை போனதில்லை. நீ வந்தா வழி அடைச்சுக்கும்னு அண்ணா என்னை வீட்டுலயே விட்டுட்டுப் போயிடுவார். இந்த வருஷம் போயிடுவேன். மறுநாள் நானே வந்து படுத்துக்கறேன்."

"அதுவரைக்கும் இருப்பீங்களா?"

"உங்களுக்கென்ன, வெறும் நம்பர்தானே" என்றார்.

பை இல்லாமல் மறுபடி தராசில் ஏற்றினேன். கம்பியில் குண்டைக் குறைகிற பக்கம் தள்ளினேன். இன்னும் தள்ள வேண்டியிருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். புரட்டாசியைவிட ஐந்து கிலோ குறைவு. எழுதினேன்.

பையையும் நோட்டையும் டாக்டர் மேஜையில் வைத்தேன்.

"போன மாசமும் இப்படித்தானா?"

"அப்பவும் மணல் இருந்துச்சுங்க ஐயா. ஆத்துல குளிச்சிட்டு வந்தாங்கன்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லலை?"

"மணல்தானேன்னு விட்டுட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஐப்பசி எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினார். "பசங்களுக்கு இதைக் காட்டித்தான் பெருமை பேசினேன். நோட்டைப் பாத்தேன், அந்தம்மாவைப் பாக்கலை" என்றார்.

அன்றே டீச்சரை வார்டில் சேர்த்தார்கள். பத்து நாள் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் ஏற்றி, பிறகு டாக்டர் வயிற்றைத் திறந்து குடலைச் சேர்த்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று நர்ஸம்மா சொன்னார். ஏகாதசி அன்று டீச்சர் கட்டிலில்தான் இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் உடம்பு துடைத்துவிட்டேன்.

"உங்களாலதான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அந்த மார்கழியில் டாக்டர் மீதி ஆறு பேரையும் நேரில் பார்த்துச் சோதிக்கத் தேடினார். ஐந்து பேர் கிடைத்தார்கள். சமயபுரத்துக்காரர் ஒருவர் போட்ட மூன்று கார்டுக்கும் வரவில்லை. அவர் வீட்டுக்கு டாக்டரோடு நானும் போனேன். சுவரில் படம் மாட்டி மாலை போட்டிருந்தது. டாக்டர் அவர் மனைவியிடம் என்றைக்கு, எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அதையும் சேர்த்துக் கட்டுரை எழுதி ஒரு கூட்டத்தில் வாசித்தாராம். ஏன் இதை வெளியில் சொல்கிறீர்கள் என்று கூட இருந்த டாக்டர்களே கேட்டார்களாம். அந்த ஆபரேஷனை அவர் மறுபடி செய்யவில்லை.

டீச்சர் தையில் வீட்டுக்குப் போனார். மாசியில் முதல் செவ்வாய் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டு மணிக்கு வந்து நின்றார். கன்னத்தில் சதை திரும்பியிருந்தது. தராசில் ஏறினார். குண்டை இந்த முறை ஏறுகிற பக்கம் தள்ளினேன்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"இன்னும் ஏறும், இல்லையா?"

"ஏறும் டீச்சரம்மா."

குனிந்து கம்பியைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்கோ" என்றார். எழுதினேன்.