சரஸ்வதி பூசைத் தட்டில் ஒரு பியூஸ் கட்டை

இந்த ஊரில் அடுப்புக்கு மேலேயும் நெருப்பு வைக்கிறார்கள். இதை வாசித்துவிட்டு, "கமலாவுக்குக் கடல் தாண்டியதில் புத்தி பேதலித்துப் போச்சு" என்று மாயவரத்தில் யாராவது சொல்லலாம். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். முதல் நாள் பார்த்தபோது நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, கரி அடுப்பில் வைத்து, தகரத்தால் மூடி, அந்தத் தகரத்தின் மேல் கனிந்த கரித்துண்டுகளைப் பரப்பினாள் பக்கத்து வீட்டுப் பாக்கியக்கா. கீழே சூடு, மேலே சூடு, நடுவில் கிடந்து வேகிறது பலகாரம். அதற்குப் பிங்கா என்று பெயர். "அப்பி ஆத்தாஸ் குவாட், அப்பி பாவா சிக்கிட்" என்றாள். மேல் நெருப்பு பலமாக, கீழ் நெருப்பு கொஞ்சமாக. எனக்கு அன்று அவ்வளவு மலாய் தெரியாது. அவள் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

பாக்கியக்கா மலாக்காச் செட்டி இனத்தைச் சேர்ந்தவள், என்றைக்கோ நம் பக்கத்திலிருந்து வந்து மலாய் பேசப் பழகிவிட்டவர்கள். மலாக்காவின் இந்தக் காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை, வாயில் மட்டும் மலாய். தமிழில் பெயர் வைத்திருக்கிறாளே, தமிழில் நாலு வார்த்தை பேச மாட்டாளா என்று முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. ஒரே பலகை வீட்டை இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் நாங்களும் மறுபாதியில் அவர்களுமாகக் குடியிருந்தோம். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் இந்தப் பக்கம் கடுகு தாளித்தால் அவள் அந்தப் பக்கம் தும்முவாள். கப்பலை விட்டு இறங்கியபோது எனக்கு இங்கே புருஷனைத் தவிர ஒரு முகம் தெரியாது. காய்ச்சலில் கிடந்த என் தலையைத் தன் மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மெர்டேக்கா வந்தது, இந்த நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி. என் கணவர் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சீமைக்குக் கிளம்பினார். போகும்போது ஆளுக்கு ஒரு சாமான் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது மின்சார ஓவன், மேசைமேல் வைக்கிற இரும்புப் பெட்டி. உள்ளே மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டும் பழுக்கச் சிவக்கும். அட, பாக்கியக்காவின் பிங்கா அடுப்பேதான், வெள்ளைக்காரன் கரிக்குப் பதில் கரண்டு வைத்திருக்கிறான் என்று சிரித்தேன்.

எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட துரைசானி என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டாள். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, ஒரே கத்தல். ஒரு கிண்ணத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து ஓவன் பக்கத்தில் வைத்தாள். எனக்குத்தான் குடிக்கத் தருகிறாளாக்கும் என்று கிண்ணத்தை எடுத்தேன். "நோ நோ நோ!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தண்ணீரைக் காட்டி, ஓவனைக் காட்டி, கண்ணை மேலே செருகி, நாக்கைத் தள்ளிச் செத்தவள்போல் நாற்காலியில் சாய்ந்தாள். அப்போது புரிந்தது. தண்ணீர் பட்டால் சாவு.

இதில் எனக்கிருந்த சங்கடத்தை நம்மூர்ப் பெண்களிடம் விளக்கவே வேண்டாம். மாயவரத்தில் எங்கள் வீட்டில் விடிந்ததும் முதல் வேலை அடுப்பு மெழுகுவதுதான். சாணமும் தண்ணீருமாகக் குழைத்து மெழுகி, ஒரு இழை கோலம் போட்டு, அப்புறம்தான் பால் பானை ஏறும். மெழுகாத அடுப்பில் சமைத்தவள் என்று பெயர் எடுத்தால் அவளைச் சந்திக்கு இழுத்துவிடுவார்கள். அந்தக் கை இது. ஈரத்துணி இல்லாமல் அடுப்பைத் தொடத் தெரியாத கை. அந்தக் கையை நான் பழக்கினேன். ஈரக்கையோடு ஓவன் பக்கம் போக மாட்டேன். நிற்கும் இடத்தில் காய்ந்த மணைப் பலகை போட்டுக்கொள்வேன். அனல் வெளியே போக சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பெட்டியை வைப்பேன். மேலே துணி, காகிதம் எதையும் போட விடமாட்டேன். சுட்டு முடிந்ததும் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் தலையைப் பிடித்துப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறிய பிறகு உலர்ந்த துணியால் துடைப்பேன். கருகிப் பிடித்ததை மரக்கரண்டியால் சுரண்டுவேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்ப்பார்களா தெரியாது, அந்தப் பெட்டியை அப்படிப் பார்த்தேன்.

அதே சமயத்தில் பாக்கியக்கா வீட்டிலும் மின்விளக்கு எரிந்தது. அதுவரை அவர்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். அவர்களுக்கும் கரண்டு வந்துவிட்டதே என்று மனசாரச் சந்தோஷப்பட்டேன். பாக்கியக்கா மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கி, கூலிக்கு வெளித்துணி தேய்க்க ஆரம்பித்தாள். ஆனால் எங்கள் வீட்டில் பியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. ஓவனைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனால் வீடே இருண்டுவிடும். என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே மெல்லிய கம்பியை மாற்றுவார். ஒரு வெள்ளிக்கிழமை நான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது, "இனிமே பியூஸ் போகாது. பேரேஸ் பண்ணியாச்சு" என்றார். அப்படியென்றால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

"என்னங்க பண்ணீங்க?"

"பேரேஸ்னா பேரேஸ்லா. ஒனக்கு என்ன அதப் பத்தி?"

போகாமல்தான் இருந்தது. சரஸ்வதி பூசை வந்தது. அரிவாள்மனை, கத்தி, அவருடைய பேனா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது ஓவனுக்கும் வைத்தேன். உலர்ந்த துணியால் துடைத்து, கதவின் வெளிப்பக்கம் சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. பாக்கியக்கா கூட இருந்து பார்த்துவிட்டு, "சந்தேக்!" என்றாள், அழகாக இருக்கிறதாம்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பிங்கா சுட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி மேசையில் தட்டித் தட்டி நகர்கிற சத்தம். திடீரென்று ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. ஓவனைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நிமிர்ந்தால், ஐயோ, சுவரோடு போகிற வயர் கொழுந்துவிட்டு எரிகிறது, பலகையும் பிடித்துக்கொண்டுவிட்டது. மரக்கரண்டியால் மெயின் சுவிட்சைத் தட்டி இறக்கினேன். மூலையில் கிடந்த காய்ந்த கோணிச்சாக்கை எடுத்து அடி அடியென்று அடித்து நெருப்பை அணைத்தேன். சுவரில் முறத்தளவு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பாக்கியக்காவின் முகம்.

அப்போதுதான் என் கணவர் கிணற்றடியிலிருந்து வாளியோடு ஓடிவந்தார். "தண்ணி வேணாங்க! அணைஞ்சு போச்சுங்க!" என்று கத்தினேன். கேட்டால்தானே. அத்தனையும் ஓவன்மேலேயே போய் விழுந்தது. தரையெல்லாம் வெள்ளம். பூசையிலிருந்து நான் அழிக்காமல் விட்டிருந்த சந்தனப் பொட்டு கரைந்து கதவில் வழிந்தது.

புகையைப் பார்த்து யாரோ சொல்லி, தெங்கேராவிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். நம் தமிழர்தான், பிறந்து வளர்ந்தது மலாக்கா. "பலகை வீடு, கரண்டுல கை வைக்காதீங்க, கை வச்சா அன்னைக்கே காலி பண்ணணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எப்புடி ஆச்சு?" என்று உறுமினார்.

நான் வாயைத் திறக்கும் முன் என் கணவர் பேசினார். "நம்ம வீட்டுப் பொம்பளதாங்க. ஊர்லேருந்து வந்தவ. பூசை போட்டு, பொட்டு வச்சு, அடுப்புன்னு நெனச்சு மஞ்சத் தண்ணிய ஊத்திக் கழுவியிருக்கா. நான் என்ன செய்ய?"

வீட்டுச் சொந்தக்காரர் வழிந்த பொட்டைப் பார்த்தார். தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அடக் கடவுளே! குளிப்பாட்டினியாம்மா அதுக்கு?" என்றார். கோபமெல்லாம் போயே போய்விட்டது. "பலகைய மாத்திருங்க. இந்தம்மாவ அது பக்கத்துல விடாதீங்க" என்று சைக்கிளில் ஏறினார். நான் பாக்கியக்காவைப் பார்த்தேன். தலையைக் குனிந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். வாளியைக் கொண்டுவந்தது யார் என்று அந்த ஓட்டை வழியாகப் பார்த்தவள் அவள்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போன பிறகு, வயர் மாற்ற ஒரு சீனர் வந்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தவர், "அய்யோ!" என்று என்னிடம் நீட்டினார். வெள்ளைப் பீங்கான் கட்டை, பாதி கருகியிருந்தது. மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில், வேலி கட்டுகிற தடிமனில் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகியிருந்தது. "சியாப்பா பாசாங்? மாவ் மாத்தி கா?" என்றார். யார் மாட்டியது, சாக ஆசையா என்று. மெல்லிய கம்பி உருகினால்தான் வீடு தப்பும். இது உருகவே உருகாது, வீடுதான் எரியும் என்பதைக் கையாலேயே காட்டினார். பிறகு மெயின் பெட்டியிலிருந்து திருட்டுத்தனமாகப் பிரிந்து, சுவருக்குள் நுழைந்து பாக்கியக்கா வீட்டுக்குப் போகிற இன்னொரு வயரையும் காட்டினார். கட்டையைக் குப்பையில் போடப்போனார். நான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நேராகப் பாக்கியக்காவிடம் போனேன். முடிச்சை அவிழ்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "சாயா பெகாங் லம்பு சாஜா" என்றாள். நான் விளக்கு மட்டும்தான் பிடித்தேன் என்கிறாள். நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, என் புருஷன் செம்புக் கம்பியை முறுக்க, இவள் டார்ச் விளக்குப் பிடித்திருக்கிறாள். "ஜாங்ஙான் மாரா, கமலா" என்று என் கையைப் பிடித்தாள். கோபப்படாதே என்கிறாள். கோபப்படாமல்? எனக்குக் கஞ்சி ஊட்டிய கை அது. உதறிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றும்போது கட்டையை மேசைமேல் வைத்தேன். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"சுசா குடுக்காத கமலா, தொல்லை பண்ணாத. உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டு குடும்பமும் தெருவுல. அந்தப் பொம்பள பிள்ளைங்களோட எங்க போவா? உன் பேரச் சொன்னா சிரிப்பாங்க, போயிருவாங்க. நீ பொம்பளதானே."

"சிரிக்கிறதுக்குத்தான் என்னைக் கப்பல்ல கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் நினைத்திருந்தால் அன்றே தெங்கேராவுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பாக்கியக்கா பிள்ளைகளின் முகம் வந்து வந்து மறித்தது. சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், சொல்லாதவளுக்குத்தான் தண்டனை. கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டினால், "ஓவனுக்குத் தலைக்கு ஊத்தியாச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். உஜோங் பாசிரில் ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பின்னாலேயே ஒருத்தி, "மஞ்சத் தண்ணிக் கமலா" என்றாள். போதாதற்கு இவர் அதை வேடிக்கையாக என் அண்ணனுக்கும் எழுதிவிட்டிருக்கிறார். கப்பலில் வந்த உறவுக்காரர் ஒருவர் மூலம் அம்மா சொல்லி அனுப்பினாள்: "போன எடத்துல கொஞ்சம் புத்தியோட நடந்துக்கம்மா." பெற்றவளே நம்பிவிட்டாள். கடலுக்கு அந்தப் பக்கமும் என் பெயர் அதுதான். அன்றைக்கு அழுததுபோல் நான் என்றைக்கும் அழுததில்லை.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசை. புது வயர் போட்ட ஓவன் வேலை செய்தது, பாக்கியக்கா வீட்டுக்கும் தனியாகக் கரண்டு வாங்கியிருந்தார்கள். அவளும் எப்போதும்போல் தட்டில் பூவோடு வந்து ஓரமாக நின்றாள். அரிவாள்மனை, கத்தி, அவர் பேனா எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். நடுவில், கருகிய பியூஸ் கட்டையை அந்தச் செம்புக் கம்பியோடு வைத்தேன். சந்தனம் இங்கே வாங்கியது, குங்குமம் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. இரண்டையும் வைத்துப் பெரிதாகவே பொட்டிட்டேன்.

கற்பூரத் தட்டை எடுத்தவர் கை அப்படியே நின்றது.

"இத எதுக்கு வச்ச? எடு."

"ஆயுதந்தானேங்க. காட்டுங்க."

பின்னால் பாக்கியக்கா பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டாள். சுண்டலுக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "இது என்ன சாமான் கமலா?" என்று கேட்டாள். "எனக்கு என்னம்மா தெரியும், நான் ஊர்லேருந்து வந்தவ. அவரைக் கேளு" என்றேன். அவர் கேட்காதவர்போல் மூன்று சுற்றுச் சுற்றினார். கற்பூரம் கையைச் சுட்டிருக்கும். சுடட்டும் என்றுதான் இருந்தது.

வருஷா வருஷம் வைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் அவரைக் கைகாட்டுகிறேன். வேண்டுமானால் ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றுகூட ஒரு தடவை சொன்னார். எந்த ஊருக்கு? அங்கே இந்தக் கட்டையைக் காட்டினால் இது என்னவென்றே யாருக்கும் தெரியாது. இங்கே தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பூசை முடிந்ததும் சுவரில் ஓட்டையை அடைத்த அந்தப் புதுப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். இன்னும் பழைய பலகையின் நிறத்துக்கு அது வரவில்லை. முதுகுக்குப் பின்னால் பாக்கியக்கா மலாயில் பேசுகிறாள், முன்னால் என் கணவர் தமிழில் பேசுகிறார். இரண்டும் எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது. இரண்டிலும் எனக்காக ஒரு வார்த்தை வரவில்லை.