விமானம் மாறினால் சீட் கவரும் மாறும்

கும்மிடிப்பூண்டியில் நான் சூப்பர்வைசராக இருக்கும் தையல் யூனிட்டில், இன்னும் பறக்கவே தொடங்காத ஒரு மலிவு விலை விமான கம்பெனிக்கு சீட் கவர் தைக்கிறோம்.

இன்று காலை அந்த கம்பெனி ஆள் போன் செய்தார். வாடகைக்குப் பேசி வைத்திருந்த விமானத்தை அதன் சொந்தக்காரர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம். இவர்கள் வேறொன்று பார்த்திருக்கிறார்களாம்.

"இதுல சீட் அகலம் ஒரு இன்ச் கம்மி சார். எல்லாத்தையும் பிரிச்சு தைச்சிடுங்க. பொங்கலுக்கு அப்புறம் கண்டிப்பா பறக்கறோம்."

போன முறை ஒரு இன்ச் கூட்டச் சொன்னவரும் இவர்தான். அப்போது தீபாவளிக்குக் கண்டிப்பாகப் பறப்பதாக இருந்தார்கள்.

முதல் பயணத்தில் எங்கள் டெய்லர் ஒருவரை ஏற்றிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். குலுக்கிப் போட்டதில் செல்வி அக்கா பெயர் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"மறுபடியுமா? இன்னா சார் பேஜாரு இது" என்றார். மிஷினை நிறுத்தவில்லை.

சற்று நேரத்தில் ஒரே ஒரு கவரோடு வந்து நின்றார்.

"இத்த மட்டும் பிரிக்காத சார். உள்பக்கம் என் பேரு தச்சி வச்சிகீறேன்."

"புது சீட்டுக்கு லூசா இருக்குமே அக்கா."

"இருந்துட்டுப் போவுது. நான்தான குந்தப் போறேன்."

அதை மட்டும் என் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். மற்றதையெல்லாம் இரண்டாவது முறையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

வாடகைக்கு விடுகிற விமானம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். செல்வி அக்காவின் சீட் அளவு என்னிடம் இருக்கிறது.