பாக்யலட்சுமி அக்காவின் ஜடை

நவமணிக்குப் பிறவியிலேயே முடி அடர்த்தி குறைவு. எண்ணெய் வைத்தால் படிந்துபோய் மண்டை தெரியும். அதனால் எண்ணெயை விட்டுவிட்டு, முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டாள். பார்க்க நிறைவாகவே இருந்தது. கோரமண்டல் ஸ்டேஷனில் அவளோடு வேலைக்குப் பெங்களூர் ரயில் ஏறும் பாக்யலட்சுமி அக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை.

"எண்ணெ தடவாம முடி எப்டி வளரும்? என் ஜடையப் பாரு" என்பாள், ஆறு வருடமாக, தினமும். நவமணி ஜன்னலைப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்து ஏறினாள். "கொஞ்சம் பின்னி உடும்மா" என்று குரலைத் தாழ்த்தி, பையிலிருந்து முழ நீளச் சவுரிமுடியை எடுத்து நீட்டினாள். பங்காருபேட்டை வருவதற்குள் நவமணி அதை வைத்து இறுக்கமாகப் பின்னி முடித்தாள். பிறகு பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"இதுக்கு இன்னா எண்ணெக்கா தடவுறீங்க?"