கல்சியமும் அப்பாவும் எங்கட மிஸ்ஸியும்

கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி போயிட்டாவாம்... காலமை ஃபோன் வந்தது. வருத்தம் வந்து படுக்கையில கிடந்தவா எண்டு தெரியும், எண்டாலும் மனம் ஏற்குதில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் ஹார்ட் கிளினிக்குக்குப் போற ஆக்களுக்கு அவாவைத் தெரியும். மலையகத்திலயிருந்து வந்து கிளிநொச்சியில வயல் செய்த குடும்பம், இஞ்ச எங்கட ஊரில கலியாணம் முடிச்சவா. வாய் கொஞ்சம் காரம். ஊசி போட்டா நோகாது.

எங்கட அப்பா களப்பில இறால் பிடிக்கிறவர். இதயத்துக்கு ரத்தம் போறது குறைவு, துடிப்பும் இடைக்கிட தடுமாறுது எண்டு டொக்டர் ஒரு குளிசை எழுதினார். கல்சியத்தைத் தடுக்கிற மருந்தாம்.

அதே ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு எலும்புக்குக் கல்சியம் குளிசை. அவளுக்குக் குடுக்கினம், எனக்கு மறிக்கினம், இதென்ன விளையாட்டு எண்டு அப்பா ஒரே புறுபுறுப்பு.

பிறகு அவரே ஒரு முடிவெடுத்தார். கல்சியம் கூடாதாக்கும் எண்டு நெத்தலி மீனை விட்டார், பால்தேத்தண்ணியை விட்டார். கடற்கரையில பிறந்த மனிசன்... நெத்தலிச் சொதி இல்லாமல் எத்தினை நாளைக்கு? கடைசியில நெத்தலிதான் வெண்டது. ரெண்டும் ஒண்டாய் ஆகாது எண்டு குளிசையை விட்டிட்டார்.

எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, பாருங்கோ.

ஒருநாள் வலை சிக்கெடுத்துக்கொண்டு இருந்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சார். ஆட்டோவில நான்தான் அவற்ற கையைப் பிடிச்சிருந்தனான்... நாடி கண்டபாட்டுக்கு ஓடுது. அப்பா இனி இல்லை எண்டுதான் நினைச்சன்.

டொக்டர்மார் காப்பாத்தித் தந்திச்சினம். அடுத்தநாள் மிஸ்ஸி கட்டிலடிக்கு வந்து, ஏன் நிப்பாட்டினீங்கள் எண்டு கேட்டா. அப்பா நெத்தலிக் கதையைச் சொல்ல, அவா சிரிச்சுச் சிரிச்சு கண்ணைத் துடைச்சா.

பிறகு ஆறுதலாய்ச் சொன்னா. ரத்தம் காணாத நேரம் இதயத் தசைக்குள்ள கல்சியம் மிஞ்சிப் புகுந்திடுமாம், அதாலயும் துடிப்புக் குழம்புமாம். வாய்க்கால் கதவைப் பாதி இறக்கிற மாதிரித்தான் இந்தக் குளிசை, சாப்பாட்டோட அதுக்குச் சண்டையில்லை எண்டா.

"நெத்தலியையும் தின்னுங்கோ ஐயா, குளிசையையும் போடுங்கோ."

பிறகென்ன... அப்பா கரையில எல்லாருக்கும் அந்தக் குளிசையைப் பற்றித்தான் பிரசங்கம். நெஞ்சு படபடக்குது எண்ட கூட்டாளிக்கும் ரெண்டு குடுக்க வெளிக்கிட்டார். மிஸ்ஸிக்குத் தெரியவந்து ஏசிக் கிழிச்சுவிட்டா. இந்த மருந்து எல்லாம் ஒரே மாதிரி இல்லை, சில ஆக்களுக்கு இதயத்தையே மந்தமாக்கிப்போடும், டொக்டரைக் கேளாமல் ஆரும் தொடக்கூடாது எண்டு.

கோவிச்சுக்கொண்டு வந்த அப்பா, அடுத்த கிளினிக்குக்கு ஒரு பை நெத்தலிக் கருவாட்டோட போனார். அதுக்கு அடுத்த முறை அவா சொன்னது, கருவாட்டில உப்புக் கூடிப்போச்சு எண்டு.

இண்டைக்கும் அப்பா விடியக் களப்புக்குப் போய் வந்தவர். செய்தியைச் சொன்னன். தோளில கிடந்த வலையை இறக்கி வைச்சார். பிறகு குளிச்சு, வெள்ளைச் சேட்டைப் போட்டார். செத்தவீட்டுக்கு ஆட்டோ பிடிக்கட்டோ எண்டு கேட்டன்.

"வேண்டாம். நான் சைக்கிளில வாறதை அவா பார்க்கட்டும்."

மிஸ்ஸி... அப்பா வெளிக்கிட்டிட்டார். குளிசை போட்டிட்டுத்தான் வாறார்.